‘வழக்கமான காதல் கதை’ என்பது பாராட்டா, குறையா? ‘எ நைஸ் இந்தியன் பாய்’ திரைப்படத்துக்குக் கிடைத்த விமர்சனங்கள் உணர்த்துவது என்ன?

புதுதில்லி: அமெரிக்காவில் உள்ள ஓர் இந்துக் கோயிலில், விநாயகர் சந்நிதியின் முன் இரு இளைஞர்கள் சந்திக்கின்றனர். காதல் மலர்கிறது. பெற்றோரின் சம்மதம் தடையாகிறது. பிரிவு வருகிறது. இறுதியில் ஆடல் பாடலுடன் திருமணம் நடைபெறுகிறது. இந்திய ரசிகர்களுக்கு நன்கு பழக்கமான இந்தக் கதையைத்தான் ரோஷன் சேத்தி இயக்கிய ‘எ நைஸ் இந்தியன் பாய்’ என்னும் ஆங்கிலப் படம் சொல்கிறது. காதலர்கள் இருவரும் ஆண்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

2024 மார்ச் மாதம் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடைபெற்ற ‘சவுத் பை சவுத்வெஸ்ட்’ திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட இப்படம், 2025 ஏப்ரல் மாதம் அந்நாட்டுத் திரையரங்குகளில் வெளியானது. பெரும்பான்மையான விமர்சகர்கள் படத்தை வரவேற்றனர். பாராட்டியவர்களும் குறை கூறியவர்களும் ஒரே கருத்தைத் தொட்டுச் சென்றதே இந்த வரவேற்பில் கவனிக்கத்தக்கது. படம் காதல் நகைச்சுவை வகையின் வழக்கமான தடத்திலேயே செல்கிறது என்பதே அந்தக் கருத்து. சிலர் அதனைப் படத்தின் பலமாகக் கருதினர். சிலர் அதையே பலவீனமாகச் சுட்டிக்காட்டினர்.

ஒரே இயல்பு இருவேறு விதமாக மதிப்பிடப்பட்டது ஏன்? இத்தகைய படங்களை விமர்சகர்கள் இதுவரை எவ்வாறு அணுகி வந்துள்ளனர்? தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லாத இந்தியாவில் இந்த விவாதத்துக்கு என்ன பொருள்? இவற்றை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

படத்தின் கதை என்ன?

நவீன் கவாஸ்கர் ஒரு மருத்துவர். கூச்ச சுபாவம் கொண்டவர். அவரது தன்பாலின ஈர்ப்பைப் பெற்றோர் ஏற்கெனவே அறிவர். ஆயினும் அதைப் பற்றி வீட்டில் எவரும் மனம்விட்டுப் பேசுவதில்லை. இந்நிலையில் ஜெய் குருந்த்கர் என்னும் புகைப்படக் கலைஞரை நவீன் சந்திக்கிறார். ஜெய் ஒரு வெள்ளையர்; இந்தியத் தம்பதியால் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர். இந்திய வழிபாட்டிலும் இந்தித் திரைப்படங்களிலும் நவீனைவிட அதிக ஈடுபாடு கொண்டவர்.

நவீனாகப் புதுதில்லியில் பிறந்த கரண் சோனி நடித்துள்ளார். ‘டெட்பூல்’ படங்களில் வாடகைக் கார் ஓட்டுநராக நடித்து அறிமுகமானவர் இவர். ஜெய் வேடத்தை ஜோனதன் கிராஃப் ஏற்றுள்ளார். பிராட்வே நாடக மேடையின் முன்னணி நடிகரான இவர், 2024-ஆம் ஆண்டு டோனி விருது பெற்றவர். நவீனின் தாயாக மேடைச் சிரிப்புக் கலைஞர் ஜர்னா கார்க், தந்தையாக மூத்த இந்தி நடிகர் ஹரீஷ் படேல், அக்காவாக சுனிதா மணி ஆகியோர் நடித்துள்ளனர். மாதுரி சேகர் எழுதிய இதே பெயர் கொண்ட நாடகத்தைத் தழுவி எரிக் ராண்டால் திரைக்கதை அமைத்துள்ளார். இயக்குநர் ரோஷன் சேத்தி மருத்துவராகவும் பணியாற்றியவர். அவரும் கரண் சோனியும் நிஜ வாழ்க்கையிலும் இணையர்கள். இவர்கள் முன்னர் இணைந்து உருவாக்கிய ‘7 டேஸ்’ திரைப்படம், சிறந்த முதல் படத்துக்கான இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதைப் பெற்றது.

விமர்சகர்கள் எவற்றைப் பாராட்டினர்?

விமர்சனங்களில் பரவலாகப் பாராட்டப்பட்டவை இரண்டு. முதலாவது, கரண் சோனி, ஜோனதன் கிராஃப் ஆகியோரிடையே உள்ள இயல்பான நெருக்கம். உணர்ச்சியை வெளிக்காட்டத் தயங்கும் ஒருவரும், உணர்ச்சியை மறைக்கவே தெரியாத ஒருவரும் சேரும்போது எழும் சங்கடத்தையே படம் நகைச்சுவையாக்குகிறது. இருவரின் பாலின ஈர்ப்பு எந்த இடத்திலும் கேலிப்பொருள் ஆகவில்லை.

இரண்டாவது, பெற்றோர் பாத்திரங்கள். மகனை வெறுத்து ஒதுக்கும் கொடுமைக்காரர்களாக அவர்கள் சித்திரிக்கப்படவில்லை. மகனைப் புரிந்துகொள்ள முயன்று தடுமாறுபவர்களாகவே வருகின்றனர். தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்த்தேனும் மகனை அறிந்துகொள்ள முயலும் இந்தப் பெற்றோர், படத்தின் உயிர்நாடி எனப் பாராட்டப்பட்டனர். பெற்றோர் பார்த்து வைத்த திருமணத்தில் மனநிறைவு காணாத அக்காவின் கிளைக்கதையும் கவனம் பெற்றது. பெற்றோரின் சொல்லுக்குப் பணிந்து மணந்த மகள் ஒருபுறம். தான் விரும்பியவரை மணக்க நினைக்கும் மகன் மறுபுறம். இந்த ஒப்பீடு, தன்பாலினக் காதலைத் தாண்டி இந்தியக் குடும்பங்களின் திருமண முறையையே கேள்விக்கு உள்ளாக்குகிறது.

1995-இல் வெளியான ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ படத்துக்கும் இக்கதைக்கும் உள்ள உறவும் பேசப்பட்டது. ஆதித்ய சோப்ரா இயக்கிய அந்தப் படத்தின் நாயகன், காதலியுடன் ஓடிப்போக மறுக்கிறான்; அவளது தந்தையின் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறான். அமெரிக்கக் காதல் நகைச்சுவைகளில் தடை பெரும்பாலும் காதலர்களின் மனத்துக்குள் இருக்கும். இந்தித் திரைப்பட மரபில் அது வீட்டின் கூடத்தில் அமர்ந்திருக்கும். ‘எ நைஸ் இந்தியன் பாய்’ இவ்விரு மரபுகளையும் இணைக்கிறது. நவீனின் கூச்சம் அமெரிக்க வகைத் தடை. தந்தையின் மௌனம் இந்திய வகைத் தடை. இந்தித் திரைப்படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த மௌனத்தின் கனம் எளிதில் விளங்கும்.

எவை குறைகளாகச் சுட்டிக்காட்டப்பட்டன?

கதை எந்தத் திசையில் செல்லும் என்பதைத் தொடக்கத்திலேயே ஊகிக்க முடிகிறது என்பது முதன்மையான குறை. காதலர்களின் பிரிவும் சேர்க்கையும் இந்த வகைப் படங்களுக்கே உரிய காலக்கணக்குப்படி நிகழ்கின்றன. பெற்றோரின் மனமாற்றம் எளிதாக முடிந்துவிடுகிறது என்ற எண்ணமும் எழுகிறது.

அடுத்தது, ஜெய் பாத்திரம் எழுப்பிய கேள்வி. இந்தியப் பெற்றோரால் வளர்க்கப்பட்ட வெள்ளையர் என்னும் கற்பனை, ‘யார் இந்தியர்’ என்ற சுவையான வினாவை எழுப்புகிறது. வெளித்தோற்றத்தில் அந்நியராகத் தெரிபவர் பண்பாட்டில் ஊறியவராகவும், இந்தியராகத் தெரிபவர் அதிலிருந்து விலகியவராகவும் இருப்பது முரண்நகை. ஆனால், இந்திய நாயகனுக்கு வெள்ளையரையே காதலராக அமைத்தது ஏன் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. தத்துப்பிள்ளையாக வளர்ந்தவரின் மனவலியைப் படம் இன்னும் ஆழமாகத் தொட்டிருக்கலாம் என்பதும் இதனோடு சேர்ந்த குறை. மருத்துவர், பெரிய வீடு, ஆடம்பரத் திருமணம் என வசதி படைத்தோரின் உலகிலேயே கதை நிகழ்வதையும் மறுக்க இயலாது.

நட்சத்திர மதிப்பீடும் சதவீதமும் சொல்லாதவை

ஒரு படத்தின் வரவேற்பைக் குறிப்பிட ‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளத்தின் சதவீதம் பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. இந்தச் சதவீதம் மதிப்பெண்களின் சராசரி அன்று. எத்தனை விமர்சகர்கள் படத்தைப் பரிந்துரைத்தனர் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. ஐந்துக்கு மூன்று வழங்கிய விமர்சனமும் ஐந்துக்கு ஐந்து வழங்கிய விமர்சனமும் அதில் ஒரே எடையைப் பெறும். ஆகவே, ‘குறை உண்டு, எனினும் பார்க்கலாம்’ என்று அனைவரும் எழுதினாலும் ஒரு படம் மிக உயர்ந்த சதவீதத்தை எட்டிவிடும். இதமான காதல் நகைச்சுவைப் படங்களுக்கு இது பெரும்பாலும் சாதகமாகவே அமைகிறது.

சுயாதீனத் திரைப்படங்களுக்கு விமர்சனம் மற்றொரு வகையிலும் முக்கியமானது. பெரும் நிறுவனங்களின் விளம்பரச் செலவு இப்படங்களுக்கு இல்லை. விழாவில் வெளியாகும் முதல் விமர்சனங்களைப் பார்த்தே விநியோகஸ்தர்கள் முன்வருகின்றனர். அந்த விமர்சனங்களின் வரிகளே பின்னர் சுவரொட்டிகளில் இடம்பெறுகின்றன. ‘எ நைஸ் இந்தியன் பாய்’ விழாத் திரையிடலுக்கும் திரையரங்க வெளியீட்டுக்கும் இடையே ஓராண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி இருந்தது. இத்தகைய காலத்தில் ஒரு சிறிய படத்தை மறக்கவிடாமல் காப்பவை விமர்சனங்களே.

அதே வேளையில், நல்ல விமர்சனம் மட்டுமே பார்வையாளர்களை அழைத்து வந்துவிடாது. 2022 செப்டம்பரில் யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட ‘பிரோஸ்’ இதற்குச் சான்று. பெரும் நிறுவனம் ஒன்று திரையரங்குகளில் விரிவாக வெளியிட்ட தன்பாலினக் காதல் நகைச்சுவை என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. விமர்சகர்கள் பாராட்டினர், பார்த்த ரசிகர்களும் உயர்ந்த மதிப்பீடு வழங்கினர். ஆயினும், ஏறத்தாழ 2.2 கோடி டாலர் செலவில் உருவான அப்படம் 3,000-க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் வெளியாகியும் முதல் வார இறுதியில் அமெரிக்காவில் சுமார் 48 லட்சம் டாலரே ஈட்டியது. அளவான செலவில் எடுத்து, சில திரையரங்குகளில் தொடங்கி, வாய்மொழிப் பாராட்டின் மூலம் பரவச் செய்வது இத்தகைய படங்களுக்குப் பாதுகாப்பான வழி என்ற கருத்தை அந்த அனுபவம் வலுப்படுத்தியது.

நாற்பது ஆண்டு வரலாறு

‘வழக்கமானது’ என்ற சொல் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் பெறுகிறது என்பதை அறிய, முந்தைய படங்கள் சந்தித்த வரவேற்பைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1985-இல் ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் இயக்கத்தில், ஹனீஃப் குரேஷியின் எழுத்தில் உருவான பிரிட்டிஷ் படம் ‘மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்’. ‘சேனல் 4’ தொலைக்காட்சிக்காகக் குறைந்த செலவில் 16 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டது. எடின்பரோ திரைப்பட விழாவில் கிடைத்த வரவேற்பே அதனைத் திரையரங்குகளுக்கு அழைத்துச் சென்றது. லண்டனில் சலவைக் கடை நடத்தும் பாகிஸ்தானிய வம்சாவளி இளைஞனுக்கும் வெள்ளையின நண்பனுக்கும் இடையிலான காதலை, நகைச்சுவை கலந்து அது சொன்னது. குரேஷியின் திரைக்கதை ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மறுபுறம், தங்கள் சமூகத்தை இழிவாகக் காட்டுவதாகக் கூறி நியூயார்க்கில் பாகிஸ்தானியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1988-இல் வரலாற்றாசிரியர் நார்மன் ஸ்டோன், லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ இதழில் இப்படம் உட்படச் சில பிரிட்டிஷ் படங்களைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அன்று விவாதம் படத்தின் தரத்தை மட்டும் பற்றியதாக இல்லை. அத்தகைய வாழ்க்கையைத் திரையில் காட்டலாமா என்பதே கேள்வியாக இருந்தது.

1993-இல் ஆங் லீ இயக்கிய ‘தி வெட்டிங் பாங்க்வெட்’ அடுத்த திருப்பம். நியூயார்க்கில் ஆண் துணையுடன் வாழும் தைவான் இளைஞன், பெற்றோரின் வற்புறுத்தலுக்காக ஒரு பெண்ணைப் போலியாக மணக்கிறான். பெற்றோர் நேரில் வந்துவிட, எளிய பதிவுத் திருமணம் மாபெரும் விருந்தாக மாறுகிறது. பெர்லின் விழாவில் உயரிய விருதான தங்கக் கரடியை மற்றொரு சீனப் படத்துடன் பகிர்ந்துகொண்ட இப்படம், ஆஸ்கர் பரிந்துரையையும் பெற்றது. ஏறத்தாழ 10 லட்சம் டாலரில் தயாரான படம் உலக அளவில் இரண்டு கோடி டாலருக்கும் அதிகமாக வசூலித்தது. விமர்சகர்கள் அதன் மனிதநேயத்தைப் போற்றினர். குலம் தழைக்க வாரிசு வேண்டும் என்ற தந்தையின் விருப்பத்துக்கே படம் இறுதியில் பணிந்துவிடுகிறது என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் விமர்சித்தனர்.

அதே காலகட்டத்தில் விமர்சன உலகில் மற்றோர் அளவுகோலும் உருவானது. மரபை மீறிய வடிவமும் அரசியல் சீற்றமும் கொண்ட தன்பாலினத் திரைப்படங்களின் எழுச்சியை, விமர்சகர் பி. ரூபி ரிச் 1992-இல் ‘நியூ குயர் சினிமா’ என்று பெயரிட்டு அடையாளப்படுத்தினார். எய்ட்ஸ் நோயால் ஆயிரக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்த காலம் அது. எனவே, சமூகத்துடன் சமரசம் செய்யாத படைப்பே உண்மையானது என்ற பார்வை வலுப்பெற்றது. அந்த அளவுகோலின்படி, பின்னர் வந்த ‘டிரிக்’ (1999), ‘பிக் ஈடன்’ (2000) போன்ற சுயாதீனக் காதல் நகைச்சுவைகள் இதமானவை, ஆனால் இலேசானவை என்றே பலரால் பார்க்கப்பட்டன.

இதற்கு நேர்மாறான வாதமும் உண்டு. திரைப்பட வரலாற்றாசிரியர் வீட்டோ ரூசோ 1981-இல் வெளியிட்ட ‘தி செல்லுலாய்டு குளோசெட்’ நூல், ஹாலிவுட் படங்களில் தன்பாலின ஈர்ப்புள்ள பாத்திரங்கள் தற்கொலையிலும் கொலையிலும் எவ்வாறு மீண்டும் மீண்டும் முடிந்தன என்பதைத் தொகுத்துக் காட்டியது. காதலர்கள் உயிருடன் இருந்து, சேர்ந்து, சிரிப்புடன் வீடு திரும்புவதே அந்த வரலாற்றின் பின்னணியில் புதியதுதான். பிறருக்குத் தேய்ந்துபோன முடிவு, ஒருபோதும் அது கிடைக்காதவர்களுக்குத் தேய்ந்ததாக இருக்க இயலாது என்பதே இவ்வாதத்தின் சாரம்.

‘எ நைஸ் இந்தியன் பாய்’ விமர்சனங்களில் இவ்விரு அளவுகோல்களும் அருகருகே இயங்குகின்றன. வடிவப் புதுமையைத் தேடியவர்களுக்கு அது பழைய பாட்டையாகத் தெரிந்தது. யாருக்கு இந்த மகிழ்ச்சி மறுக்கப்பட்டது என்று நோக்கியவர்களுக்கு அந்தப் பழைய பாட்டையே புதிதாகத் தெரிந்தது. இரண்டும் நேர்மையான மதிப்பீடுகளே. ஆனால், நல்ல நோக்கம் கொண்ட படம் என்பதற்காகத் திரைக்கதையின் தொய்வைக் கண்டுகொள்ளாமல் விடுவது, அந்தப் படைப்பாளிகளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மற்ற காதல் படங்களுக்கு இணையாக இதையும் குறை கூற முடிவதுகூட ஒரு வகையில் சமத்துவமே.

2025 ஏப்ரலில் இப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானதைத் தொடர்ந்து, அதே மாதத்தில் ஆண்ட்ரூ ஆன் இயக்கிய ‘தி வெட்டிங் பாங்க்வெட்’ படத்தின் மறுஆக்கமும் வெளியானது. தன்பாலினத் திருமணம் சட்டபூர்வமாகிவிட்ட இன்றைய அமெரிக்காவுக்கு ஏற்ப அதன் கதை மாற்றப்பட்டிருந்தது. மூலப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஷேமஸ் இதிலும் பங்களித்தார்.

இந்தியப் படங்களும் விமர்சனமும்

இந்தியாவில் தன்பாலினக் காதல் நகைச்சுவை, சுயாதீனத் திரைத்துறையைவிட வணிகத் திரைத்துறை வழியாகவே பெருந்திரளான மக்களைச் சென்றடைந்தது. 2020-இல் வெளியான ‘சுப் மங்கள் ஜ்யாதா சாவதான்’ என்னும் இந்திப் படத்தில் ஆயுஷ்மான் குரானா, ஜிதேந்திர குமார் ஆகியோர் காதலர்களாக நடித்தனர். முன்னணி நடிகர் ஒருவர் இத்தகைய வேடத்தை ஏற்றதை விமர்சகர்கள் வரவேற்றனர். அதே நேரத்தில், குடும்பத்தாரின் நகைச்சுவைக்குக் கிடைத்த இடம் காதலர்களின் உறவுக்குக் கிடைக்கவில்லை என்ற குறையும் கூறப்பட்டது. 2022-இல் ராஜ்குமார் ராவ், பூமி பெட்னேகர் நடிப்பில் வெளியான ‘பதாய் தோ’, குடும்பத்தின் நெருக்கடியிலிருந்து தப்பிக்கத் தன்பாலின ஈர்ப்புடைய ஆணும் பெண்ணும் செய்துகொள்ளும் ஒப்பந்தத் திருமணத்தைச் சித்திரித்தது. பாத்திரங்களைக் கண்ணியத்துடன் அணுகியமைக்காக அது கூடுதலான பாராட்டைப் பெற்றது.

இவ்விரு படங்களையும் ‘எ நைஸ் இந்தியன் பாய்’ படத்தையும் ஒப்பிடும்போது ஒரு முக்கிய வேறுபாடு தெரிகிறது. அமெரிக்காவில் வாழும் நவீனின் பெற்றோர் சம்மதித்துவிட்டால் தடை நீங்கிவிடும். 2015-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் தன்பாலினத் திருமணம் அங்கு நாடு முழுவதும் சட்டபூர்வமானது. இந்தியாவில் வாழும் இணையர்களுக்கோ பெற்றோரின் சம்மதம் கிடைத்தாலும் சட்டத்தின் சம்மதம் கிடைப்பதில்லை.

சட்டத்தின் தற்போதைய நிலை

2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, வயது வந்தோர் மனமொப்பி மேற்கொள்ளும் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 அக்டோபர் 17-ஆம் தேதி, திருமண உரிமை கோரிய மனுக்களின் மீது ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அன்று என்பதில் ஐவரும் ஒருமித்த கருத்தைக் கொண்டிருந்தனர். குடிமை இணைவுக்கு அங்கீகாரம் வழங்குவதை மூன்று நீதிபதிகள் ஏற்கவில்லை, இருவர் ஆதரித்தனர். சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்று கூறப்பட்டது. இத்தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கோரிய மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்யப்பட்டன.

இடைப்பட்ட காலத்தில் சில நிர்வாகச் சலுகைகள் தெளிவுபடுத்தப்பட்டன. தன்பாலின இணையர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், துணையை நியமனதாரராகக் குறிப்பிடவும் தடை இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெரிவித்தது. ஒரே குடும்ப அட்டையில் இடம்பெறுவது தொடர்பாகவும் மாநிலங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. எனினும், வாழ்க்கைத் துணை என்ற முறையில் வாரிசுரிமை, தத்தெடுப்பு போன்றவற்றில் திருமணமான தம்பதியருக்குள்ள உரிமைகள் அவர்களுக்கு இல்லை.

இந்தப் பின்னணியில், படத்தின் இறுதியில் ஒலிக்கும் மேளதாளம் இரு நாடுகளில் இரு பொருள் தருகிறது. அமெரிக்க விமர்சகருக்கு அது காதல் நகைச்சுவைப் படங்களில் பலமுறை பார்த்துச் சலித்த ஒரு நிறைவுக் காட்சி. ஆடல் பாடலுடன் அதே திருமணத்தை இந்தியாவிலும் இரு ஆண்கள் நடத்தலாம். உறவினர்கள் வந்து வாழ்த்தலாம். ஆனால், மறுநாள் பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்றால் அந்தத் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ள அவர்களுக்கு வழியில்லை.